உங்க ஊர் ஆஸ்பத்திரிக்கு எத்தனை மார்க்?

செந்துறைப் பக்கம் ஒரு வீடு என்று வைத்துக்கொள்ளுங்கள். மருமகளுக்கு எட்டாவது மாதம். "பிரசவத்துக்கு எங்க போறது?" என்ற பேச்சு ஆரம்பிக்குது. ஊர் ஆரம்ப சுகாதார நிலையமே போதும் என்கிறார் மாமனார். ஜெயங்கொண்டம் அரசு மருத்துவமனை என்கிறார் கணவர். அரியலூர் மருத்துவக் கல்லூரிக்கே போயிடலாம் என்று ஒரு குரல். பெரம்பலூரில் தனியார் ஆஸ்பத்திரி ஒன்று நல்லா இருக்காம் என்று ஒரு அத்தை. தஞ்சாவூர் என்று இன்னொருத்தர்.

கடைசியில் எப்படி முடிவாகும்? "பக்கத்து வீட்டுப் பொண்ணுக்கு அங்கதான் ஆச்சு, நல்லபடியா வந்தாங்க." அவ்வளவுதான். ஒரே ஒரு அனுபவம். செல்போன் வாங்குவதற்கு முன்னால் நாற்பது பேர் எழுதிய கருத்தைப் படிக்கிற நாம, இரண்டு உயிர் சம்பந்தப்பட்ட முடிவை ஒருத்தர் வார்த்தையை வைத்து எடுக்கிறோம். அத்தையைக் குறை சொல்லவில்லை. வேறு தகவல் கையில் இல்லாதபோது அத்தைதான் தகவல்.

எங்க வீட்டிலும் இப்படித்தான் நடந்தது. அக்காவுக்கு ராத்திரி 11 மணிக்கு வலி எடுத்தது. "நல்ல இடம்" என்று பத்துப் பேர் சொன்ன ஒரு மருத்துவமனைக்குப் போனோம். பெயர் வேண்டாம். ஒரு மணி நேரம் கழித்து, சிசேரியன் தேவைப்படலாம், மயக்க மருந்து டாக்டர் காலையில்தான் வருவார், வேறு இடம் பாருங்கள் என்றார்கள். அக்காவும் குழந்தையும் நலம். ஆனால் அந்தக் கார் பயணத்தை எங்க அம்மா இன்னும் மறக்கவில்லை. அந்த இடம் மோசமான இடம் என்று நான் சொல்ல வரவில்லை. பகலில் அது நல்ல இடமாகவே இருக்கலாம். எங்களுக்குத் தெரிய வேண்டியிருந்தது ஒரே ஒரு எண்: அங்கே இரவு நேரத்தில் எத்தனை சிசேரியன் நடக்கிறது?

இந்த வேலைக்கு வந்த பிறகுதான் தெரிந்தது, அந்த எண்ணைக் கேட்டு வாங்குவதற்கு ஒரு கட்டமே இருக்கு என்று.

ஒவ்வொரு மாதமும் எழுதப்படுகிற கணக்கு

நாடு முழுக்க அரசு மருத்துவ நிலையங்கள் ஒவ்வொரு மாதமும் ஒரு படிவத்தை நிரப்பி, எச்.எம்.ஐ.எஸ். என்ற இணையதளத்தில் ஏற்றுகின்றன. சுகாதார மேலாண்மைத் தகவல் அமைப்பு என்பது அதன் பொருள். 2008ல் மத்திய சுகாதார அமைச்சகம் தொடங்கியது. எத்தனை பிரசவம், எத்தனை குழந்தைகள் எடை குறைவாகப் பிறந்தன, எத்தனை உள்நோயாளிகள், எத்தனை இறப்பு என்று பக்கம் பக்கமாகக் கேள்விகள். அதில் ஒன்று, இரவு 8 மணி முதல் காலை 8 மணி வரை செய்த சிசேரியன் எத்தனை என்பது. படித்தபோது எனக்கு அக்காவின் அந்த ராத்திரிதான் ஞாபகம் வந்தது.

இந்தத் தகவல்களை மாநிலம், மாவட்டம் என்று தொகுத்த அறிக்கைகளை அந்தத் தளத்தில் நீங்களும் பார்க்கலாம். செல்போனில் பார்ப்பது கொஞ்சம் சிரமம்தான், எக்செல் கோப்பாக இறங்கும். பொறுமை வேண்டும்.

இரண்டாவது, தரச் சான்று. மேலே சொன்ன படிவம் எத்தனை பேருக்கு வைத்தியம் பார்த்தார்கள் என்று சொல்லும். எப்படிப் பார்த்தார்கள் என்பதற்கு என்.க்யூ.ஏ.எஸ். என்கிற தேசிய தரச் சான்று இருக்கு. 2013ல் வந்த இந்த அளவுகோல் எட்டுப் பகுதிகளில் மதிப்பெண் போடுகிறது: என்ன சேவைகள் கிடைக்கின்றன, நோயாளியின் உரிமைகள் மதிக்கப்படுகின்றனவா, ஆளும் கருவியும் போதுமா, சமையல், சலவை, மருந்துக் கிடங்கு போன்ற துணை வேலைகள், சிகிச்சை முறை, கிருமித்தொற்றுக் கட்டுப்பாடு, தர மேலாண்மை, கடைசியாக விளைவு. சான்று பெற 70 சதவீதம் எடுக்கணும். சான்று 3 ஆண்டுக்குத்தான் செல்லும். அதனால் உங்க ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தின் வாசலில் சான்றிதழ் சட்டம் போட்டு மாட்டியிருந்தால், முதலில் தேதியைப் பாருங்க.

பிரசவ அறைக்கும் மகப்பேறு அறுவை அரங்குக்கும் மட்டும் தனியாக 2017 டிசம்பரில் 'லக்ஷ்யா' என்ற சான்று வந்தது. சுத்தத்துக்கு 2015ல் தொடங்கிய 'காயகல்ப்' விருது. கர்ப்பிணி உள்ள வீட்டுக்கு இந்த மூன்றில் எது முக்கியம் என்று கேட்டால் நான் லக்ஷ்யா என்பேன். சான்று பெற்ற நிலையங்களின் பட்டியலை தேசிய சுகாதார அமைப்புகள் வள மையம் தன் இணையதளத்தில் வெளியிடுகிறது. மாநிலத்தைத் தேர்ந்து, அரியலூரோ பெரம்பலூரோ மாவட்டத்தைத் தேடினால் உங்க பக்கத்து நிலையம் இருக்கா என்று தெரிந்துவிடும்.

இது போக, 2021 செப்டம்பரில் நிதி ஆயோக் 707 மாவட்ட மருத்துவமனைகளை 10 அளவீடுகளில் ஒப்பிட்டு ஓர் அறிக்கை போட்டது. அதில் பயன்படுத்தியது 2017-18 கணக்கு. அவ்வளவு பழைய மார்க் ஷீட்டை வைத்து இன்று ஒரு மருத்துவமனையை எடை போட முடியாது. தாமதமும் ஒரு வகை மறைப்புதான், யாரும் வேண்டுமென்றே செய்யாவிட்டாலும்.

நம்ம மாநிலம் இதில் ஒரு வாக்குறுதி கொடுத்திருக்கு. 2019ல் உலக வங்கியின் 28.7 கோடி டாலர் கடனுதவியுடன் தமிழ்நாடு சுகாதாரச் சீரமைப்புத் திட்டம் தொடங்கியபோது, அரசு மருத்துவமனைகளுக்குத் தரச் சான்று வாங்குவதோடு, தரம் பற்றிய தரவுகளைப் பொதுமக்களுக்குத் திறந்து வைப்பதும் திட்டத்தின் நோக்கங்களில் ஒன்றாகவே எழுதப்பட்டது. சும்மா அலங்காரத்துக்கு எழுதியதல்ல. மக்கள் பார்க்கிறார்கள் என்று தெரிந்தால்தான் எண்கள் மேலே நகரும் என்ற கணக்கு அதில் இருக்கு.

சாவு அதிகம் என்றால் மோசமான ஆஸ்பத்திரியா?

இங்கேதான் கொஞ்சம் நிதானமாக வரணும். எண்ணைத் திறந்து வைப்பது பாதி வேலை. அதைத் தப்பாகப் படித்தால், திறக்காமல் இருந்ததே தேவலை என்று ஆகிவிடும்.

அரியலூரையும் பெரம்பலூரையுமே எடுத்துக்கொள்வோம். 2007ல் இரண்டாவது முறையாகத் தனி மாவட்டமான அரியலூருக்கு 2022 ஜனவரியில் அரசு மருத்துவக் கல்லூரி வந்தது. பெரம்பலூரில் இருப்பது அரசு மாவட்டத் தலைமை மருத்துவமனை. ஆரம்ப சுகாதார நிலையமும் தாலுகா மருத்துவமனையும் "எங்களால் முடியாது" என்று அனுப்புகிற நோயாளி மருத்துவக் கல்லூரிக்கு வருவார். சிமெண்ட் ஆலைக்குச் சுண்ணாம்புக்கல் ஏற்றும் லாரியில் அடிபட்டவரும் வருவார். பெரம்பலூருக்கு சென்னை–திருச்சி தேசிய நெடுஞ்சாலை விபத்துகள் வருகின்றன. ஆனால் நிலைமை மோசம் என்றால் "திருச்சிக்குக் கொண்டு போங்க" என்பது அந்தப் பக்கம் பழகிப்போன வார்த்தை. திருச்சியில் இறந்தால் அந்த இறப்பு திருச்சிக் கணக்கில் சேரும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். இது நானே வைத்த எண், எந்த மருத்துவமனையுடையதும் இல்லை. 'க' மருத்துவமனையில் 1,000 நோயாளிகள். 900 பேருக்கு லேசான பிரச்சினை, அதில் 9 பேர் இறந்தார்கள். 100 பேர் கவலைக்கிடம், அதில் 12 பேர் இறந்தார்கள். மொத்தம் 21. 'ங' மருத்துவமனையிலும் 1,000 பேர்தான். லேசான பிரச்சினை 500 பேர், இறந்தவர்கள் 4. கவலைக்கிடம் 500 பேர், இறந்தவர்கள் 50. மொத்தம் 54.

மொத்தத்தை மட்டும் பார்த்தால் 'ங' படுமோசம், 21க்கு 54. இப்போது பிரித்துப் பாருங்க. லேசான நோயாளிகளில் 'க'வில் நூற்றுக்கு 1, 'ங'வில் 0.8. கவலைக்கிடமானவர்களில் 'க'வில் நூற்றுக்கு 12, 'ங'வில் 10. இரண்டு வகையிலும் 'ங'தான் மேல்! கஷ்டமான நோயாளிகளை அதிகமாக ஏற்றுக்கொண்டதுதான் அது செய்த குற்றம்.

அதனால் இறப்பு எண்ணைக் காட்டும் எந்தப் பட்டியலைப் பார்த்தாலும் கேட்க வேண்டியது, வந்தவர்கள் எந்த நிலையில் வந்தார்கள் என்று. இதோடு இன்னொன்று, எதை எதால் வகுத்தார்கள் என்று. இந்தத் தப்பை ரொம்பப் பெரிய ஆள் ஒருவரே செய்திருக்கிறார். செவிலியர் பணிக்கு முன்னோடியான ஃபுளோரன்ஸ் நைட்டிங்கேல், மருத்துவமனைகள் எல்லாம் ஒரே மாதிரிப் படிவத்தில் கணக்கு எழுதி வெளியிடணும் என்று 1860களிலேயே வாதாடியவர். 1863ல் வந்த அவருடைய புத்தகத்தில், லண்டனின் 24 மருத்துவமனைகளில் இறப்பு விகிதம் 90.84 சதவீதம் என்று ஒரு அட்டவணை. லண்டன் டாக்டர்கள் கொதித்துப் போனார்கள். காரணம், ஒரு வருடம் முழுக்க நடந்த 3,828 இறப்புகளை, ஏதோ ஒரு நாளில் படுக்கையில் இருந்த 4,214 பேரால் வகுத்திருந்தார்கள். வருடம் முழுக்க வந்துபோன நோயாளிகள் கணக்கிலேயே இல்லை. நோக்கம் சரி, வகுத்தல் தப்பு. வாட்ஸ்அப்பில் "நம்ம ஜி.எச்.ல இத்தனை சாவு" என்று ஒரு தகவல் வந்தால் இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

சிசேரியனுக்கும் இதே பார்வைதான். தேசிய குடும்பநல ஆய்வின் ஐந்தாவது சுற்றுப்படி (2019–21) தமிழ்நாட்டில் பிரசவங்களில் 44.9 சதவீதம் சிசேரியன். அரசு மருத்துவமனைகளில் 36, தனியாரில் 63.8. இந்திய சராசரி 21.5தான். ஒரு மருத்துவக் கல்லூரியில் சிசேரியன் அதிகமாக இருந்தால் அதற்கு நியாயம் இருக்கலாம், சிக்கலான கர்ப்பம் எல்லாம் அங்கேதான் போகிறது. சிக்கலான கேஸ்களை வெளியே அனுப்பிவிடுகிற ஒரு சின்ன நர்ஸிங் ஹோமில் அதே அளவு இருந்தால், "ஏன்?" என்று கேட்கலாம். கேட்பதில் தப்பே இல்லை. இதே ஆய்வில் பெரம்பலூருக்கும் அரியலூருக்கும் தனித்தனி மாவட்ட அறிக்கை இருக்கு, இலவசமாகத் தரவிறக்கலாம்.

டாக்டர்கள் பயப்படுவது ஏன்?

தரவைத் திறக்கணும் என்றதும் மருத்துவமனைப் பக்கம் ஒரு தயக்கம் வரும். "எண்ணைப் போட்டால் எங்களை அடிக்க வருவாங்க" என்கிற பயம். அது பொய்ப் பயம் இல்லை.

அமெரிக்காவின் நியூயார்க் மாநிலம் 1989 முதல் இதய பைபாஸ் அறுவை சிகிச்சைகளின் கணக்கைத் திரட்டி, 1990ல் மருத்துவமனை வாரியாக இறப்பு விகிதத்தை வெளியிட்டது. நோயாளியின் வயது, நோயின் கடுமை எல்லாவற்றையும் கணக்கில் சேர்த்துச் சரிக்கட்டிய எண்கள்தான். மூன்று வருடத்தில் அந்த விகிதம் 4.17லிருந்து 2.45 சதவீதமாக இறங்கியது. பின்தங்கிய மருத்துவமனைகள் தங்கள் முறைகளை மாற்றிக்கொண்டன. ஆனால் இன்னொரு பக்கமும் உண்டு. தங்கள் எண் கெட்டுவிடும் என்று சில அறுவை நிபுணர்கள் ரொம்ப முடியாத நோயாளிகளைத் தவிர்க்கிறார்கள் என்ற குற்றச்சாட்டு எழுந்தது, அதைப் பற்றி இன்றுவரை ஆராய்ச்சியாளர்கள் வாதம் செய்கிறார்கள்.

நம்ம ஊரில் அதன் வடிவம் எப்படி இருக்கும்? 108ஐக் கூப்பிட்டு அடுத்த ஊருக்கு ஏற்றி விடுவதுதான். அதனால் என்னைக் கேட்டால், இறப்பு எண்ணுக்குப் பக்கத்திலேயே, வேறு இடத்துக்கு அனுப்பப்பட்டவர்கள் எத்தனை பேர் என்ற எண்ணும் இருக்கணும். ஒன்றைப் போட்டு மற்றதை மறைத்தால் அந்தப் பட்டியலை நம்ப வேண்டாம். அதேபோல, டாக்டர் வேண்டாம் என்று சொல்லியும் கையெழுத்துப் போட்டுவிட்டுக் கிளம்பிப் போனவர்கள் எத்தனை பேர் என்ற எண். தேசிய தர அளவுகோலின் விளைவுப் பகுதியில் இதையும் கேட்கிறார்கள். ஒரு வார்டிலிருந்து நிறையப் பேர் இப்படிக் கிளம்பினால், அங்கே ஏதோ சரியில்லை என்று அர்த்தம். படுக்கையா, பேச்சா, காத்திருப்பா என்று அப்புறம் தேடலாம். இது எனக்குப் பிடித்த எண், ஏனென்றால் இதில் ஓட்டுப் போடுவது நோயாளிகளே.

இந்த அனுப்பி வைக்கிற சிக்கலுக்கு நம்ம மாநிலத்தில் ஒரு நல்ல முன்மாதிரி இருக்கு. பிரசவத்தில் ஒரு தாய் இறந்தால், எங்கே இறந்தார் என்று மட்டும் பார்ப்பதில்லை. வீட்டில் எப்போது வலி வந்தது, முதலில் எங்கே போனார், யார் எங்கே அனுப்பினார், வண்டி எவ்வளவு நேரத்தில் வந்தது என்று சங்கிலி முழுவதையும் விசாரிக்கிறார்கள். மாவட்ட ஆட்சியர் நடத்தும் ஆய்வுக் கூட்டத்துக்கு இறந்தவரின் உறவினர்களையும் அழைக்கச் சொல்கிறது வழிகாட்டி நெறி. யாரையாவது தண்டிப்பது அதன் வேலை இல்லை. அடுத்த தாய்க்கு எது தடுக்கும் என்று கண்டுபிடிப்பதுதான். 2018–20 மாதிரிப் பதிவுக் கணக்கில் இந்தியா முழுக்க ஒரு லட்சம் உயிர்ப் பிறப்புக்கு 97 தாய்மார் இறந்தபோது, தமிழ்நாட்டில் அது 54 ஆக இருந்ததற்கு இந்தப் பழக்கமும் ஒரு காரணம் என்பது என் எண்ணம்.

அந்த ஆய்வின் விவரங்களை அப்படியே வெளியே போடவும் முடியாது, அதையும் சொல்லணும். மாதம் பத்துப் பிரசவம் நடக்கிற ஒரு ஊர் நிலையத்தில் "ஒரு இறப்பு" என்று போட்டால், அது யார் வீடு என்று ஊருக்கே தெரிந்துவிடும். அதனால் சின்ன நிலையங்களுக்கு ஒரு வருடக் கணக்கையோ வட்டார அளவிலான கணக்கையோ சேர்த்துச் சொல்வதுதான் முறை. எண் எல்லாருக்கும், பெயர் அந்தக் குடும்பத்துக்கு மட்டும்.

எங்கே, எப்படிக் கேட்கலாம்?

இணையத்தில் கிடைக்காததை எழுதிக் கேட்கலாம். தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005ல் நாடு முழுக்க வந்தது. தமிழ்நாட்டில் 1997லேயே ஒரு சட்டம் இருந்தது. இந்த 2005 சட்டத்தின் 4ஆவது பிரிவு, யாரும் கேட்காமலே முக்கியத் தகவல்களை அரசு அலுவலகங்கள் தாமாக வெளியிடணும் என்கிறது.

நிறையப் பேர் தடுக்கி விழுகிற இடம், யாரிடம் கேட்பது என்பதுதான். ஆஸ்பத்திரி எல்லாம் ஒரே துறை என்று நினைக்கிறோம். ஆரம்ப சுகாதார நிலையம் பொது சுகாதாரம் மற்றும் நோய்த்தடுப்பு மருத்துவ இயக்ககத்தின் கீழ் வருகிறது, அதற்கு மாவட்ட சுகாதார அலுவலரிடம் போகணும். ஜெயங்கொண்டம் அரசு மருத்துவமனை, பெரம்பலூர் தலைமை மருத்துவமனை போன்றவை மருத்துவம் மற்றும் ஊரக நலப்பணிகள் இயக்ககம், மாவட்டத்தில் அதன் அதிகாரி இணை இயக்குநர். அரியலூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை மருத்துவக் கல்வி இயக்ககம், அங்கே கல்லூரி முதல்வர் அலுவலகம். செந்துறை வீட்டுக்காரர் தன் மருமகளுக்கு மூன்று இடங்களை ஒப்பிட நினைத்தால் மூன்று மனு. இது மாற வேண்டிய விஷயம்தான். ஒரு மாவட்டத்துக்கு ஒரே பக்கம், எல்லா மருத்துவமனையும் அதில், அதுவும் தமிழில் என்று வந்தால் இந்தப் பத்தியை நான் எழுதவே தேவையிருக்காது.

மனுவில் "உங்கள் மருத்துவமனையின் தரம் பற்றித் தெரிவிக்கவும்" என்று எழுதாதீங்க, ஒரு பதிலும் உருப்படியாக வராது. இப்படி எழுதுங்க: "கடந்த 12 மாதங்களில், மாத வாரியாக, (1) மொத்தப் பிரசவங்கள், (2) சிசேரியன், (3) இரவு 8 முதல் காலை 8 வரை செய்த சிசேரியன், (4) பிரசவத்துக்கு வந்து வேறு மருத்துவமனைக்கு அனுப்பப்பட்டவர்கள், (5) தேசிய தரச் சான்று, லக்ஷ்யா சான்று இருந்தால் மதிப்பெண்ணும் முடிவுத் தேதியும். நோயாளிகளின் பெயர் விவரம் தேவையில்லை." 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி, பொதுத் தகவல் அலுவலருக்குப் பதிவுத் தபாலில் அனுப்பினால் போதும். 30 நாளில் பதில் வரணும். வராவிட்டால் அதே அலுவலகத்தின் மேல் அதிகாரியிடம் முதல் மேல்முறையீடு.

தனியார் மருத்துவமனைகளிடம் இந்தச் சட்டப்படி நேரடியாகக் கேட்க முடியாது. ஆனால் தமிழ்நாட்டில் 1997ஆம் ஆண்டுச் சட்டப்படி அவையும் பதிவு பெற்றுத்தான் நடக்கணும். ஒரு சட்டத்தின் கீழ் அரசு அலுவலகம் தனியாரிடமிருந்து பெறக்கூடிய தகவலை அந்த அலுவலகம் வழியாக நீங்கள் கேட்கலாம். தரம் பற்றிய எண்கள் அதில் அவ்வளவாகக் கிடைக்காது என்பதுதான் உண்மை. தனியாரிடம் நேராகப் போய், "ராத்திரியில் மயக்க மருந்து டாக்டர் இங்கேயே இருப்பாரா, போன் போட்டால் வருவாரா? வர எவ்வளவு நேரமாகும்? ரத்தம் இங்கேயே கிடைக்குமா?" என்று கேளுங்க. சங்கடப்படாதீங்க. பதில் சொல்லத் தயங்கினால் அதுவும் ஒரு பதில்.

மனு எழுதுவது பிடிக்காதவர்களுக்கு வேறு வழிகளும் உண்டு. மாவட்ட சுகாதாரப் பேரவையில் பொதுமக்களின் தேவைகளைக் கேட்டுத் தீர்மானமாக எழுதுகிறார்கள். கூட்டம் எப்போது என்று ஆட்சியர் அலுவலகத்தில் விசாரிக்கலாம். கிராம சபையில் உங்க ஆரம்ப சுகாதார நிலையத்தின் மாதக் கணக்கை வாசிக்கச் சொல்லிக் கேட்கலாம், மருத்துவ அலுவலர் சங்கடப்பட மாட்டார், நல்ல எண்ணாக இருந்தால் சந்தோஷமே படுவார். குறை சொல்ல 104, அதிலும் தீராவிட்டால் முதல்வரின் முகவரி 1100. சிகிச்சை முடிந்து வெளியே வந்தவர்களின் கருத்தைக் கேட்க 2016ல் மத்திய அரசு தொடங்கிய 'மேரா அஸ்பதால்' இருக்கு. திருப்தி இல்லை என்றால் ஊழியர் நடத்தையா, சுத்தமா, செலவா, சிகிச்சையா என்று பிரித்துக் கேட்கும். உங்க மருத்துவமனை அதில் இருக்கா என்று பெயரைத் தேடிப் பாருங்க.

செந்துறை மருமகளுக்கு எட்டாவது மாதம். மனு இன்றைக்குப் போட்டால் 30 நாள் கழித்து, ஒன்பதாவது மாதத்தில் பதில் வரும். கிராம சுகாதார செவிலியரிடம் நாளைக்கே கேட்டால் நாளைக்கே தெரியும்: ராத்திரியில் சிசேரியன் எங்கே நடக்கிறது என்று அவருக்குத் தெரியாமல் இருக்காது.